நிவாரணமா, இழப்பீடா?

நுழையும்முன்

தஞ்சை மண்ணில் நெல் விளைந்தால் நாடு உண்ணும். விளையாமற்போனால் அந்த இழப்பை யார் சுமப்பது? காப்பீட்டின் நிழல் படாத வயலில் பயிர் அழியும்போது, உழவருக்கு அரசு ஒரு தொகையை வழங்குகிறது. அத்தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, யார் கைக்குச் சேர்கிறது, யாரைச் சேராமல் விலகிப்போகிறது என்பவற்றைக் காவிரிப் படுகையின் அண்மைக்கால நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

மூன்று பருவமும் மூவகை அச்சமும்

காவிரிப் படுகையில் நெல்லுக்கு மூன்று பருவங்கள் உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபு. அந்நீரை நம்பி நடப்படுவது குறுவை. ஆகஸ்டு முதல் தை வரை வயலில் நிற்கும் நீண்டகாலப் பயிர் சம்பா. குறுவையை அறுத்த வயலிலேயே அடுத்து நடப்படுவது தாளடி. ஒவ்வொரு பருவத்திற்கும் அதற்கென ஓர் அச்சம் இருக்கிறது. குறுவை இளம்பயிராக இருக்கையில் ஆற்றில் நீர் வரவில்லையெனில் கருகும்; வந்து விளைந்தாலோ, அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் அகப்பட்டுக்கொள்ளும். சம்பாவும் தாளடியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்றாகவோ நட்ட பயிராகவோ மூழ்கும். அதனைக் கடந்து கதிர் முற்றிய பிறகு, தை, மாசியில் பெய்யும் பருவம் தவறிய மழை கதிரைச் சாய்த்துவிடும். சாய்ந்த கதிர் நீரில் கிடந்தால் நெல்மணி வயலிலேயே முளைவிடும்.

படுகை நிலம் சமதளமானது. மேட்டுப்பகுதியில் பெய்த மழைநீரும் கடைமடைப் பகுதிகளான திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வழியாகவே கடலை அடைய வேண்டும். கோடையில் நீருக்காகக் கடைசியாகக் காத்திருக்கும் கடைமடை உழவர், மழைக்காலத்தில் பிறர் வயலின் நீரையும் சேர்த்துத் தாங்குகிறார். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் ஏறத்தாழ 44 செ.மீ. மழை பதிவானது. சுற்றுவட்டாரச் சம்பா வயல்கள் பல நாள்கள் நீருக்குள் கிடந்தன.

கோயில் கருவூலம் முதல் தக்காவி வரை

விளைச்சல் பொய்த்த ஆண்டில் உழவரைத் தாங்குவது யார் என்ற வினா இம்மண்ணுக்குப் புதியதன்று. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஆலங்குடிக் கல்வெட்டொன்று, கி.பி. 1054-ஆம் ஆண்டில் ஊரார் பஞ்சத்தால் நலிந்தபோது கோயில் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கடனாகப் பெற்றதைக் குறிக்கிறது. கடனுக்கு ஈடாக நிலம் கோயிலுக்கு எழுதித் தரப்பட்டது. அது கொடையன்று, நிலத்தைக் கொடுத்து வாங்கிய உயிர்ப்பிச்சை.

ஆங்கிலேயர் ஆட்சியின் இரயத்துவாரி முறையில், பயிர் அழிந்த ஆண்டில் நிலவரியைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் இருந்தது. வருவாய்த் துறையினர் இதனை ‘வஜா’ என்றனர். வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விடுவது வேறு. கையில் பணம் தருவது வேறு. 1876–78-ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்திற்குப் பின் அமைந்த பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து 1883, 1884-ஆம் ஆண்டுகளில் உழவர் கடன் சட்டங்கள் இயற்றப்பட்டன. விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் அரசு தந்த இக்கடனே ‘தக்காவி’. இதுவும் வட்டியோடு திருப்பித்தர வேண்டிய கடனே. திருப்பித்தர வேண்டாத ஒரு தொகையை, உரிமையாக இல்லாவிடினும் விதியின்படி உழவர் எதிர்பார்க்கலாம் என்னும் நிலை விடுதலைக்குப் பின்னரே உருவாயிற்று.

சொல்லில் இருக்கும் வேறுபாடு

பயிர் அழிந்த ஊர்களில் உழவர்கள் சாலையில் அமர்ந்து எழுப்பும் முழக்கங்களில் ‘இழப்பீடு’ என்னும் சொல் ஒலிக்கும். அதற்கு விடையாக வெளிவரும் அரசாணையில் ‘நிவாரணம்’ என்றோ ‘இடுபொருள் மானியம்’ என்றோ இருக்கும். இவற்றை ஒரே பொருளுடைய சொற்களாக நாளிதழ்கள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஆனால், வேறுபாடு பெரிது.

இழப்பீடு என்பது இழப்பிற்கு ஈடு. இழந்த மதிப்பை அளந்து அதற்கு நிகரானதைத் தருவது. நிவாரணம் என்பது துன்பத்தைத் தணிப்பது. தணிப்பதற்கு இழப்பு முழுவதையும் அளக்க வேண்டியதில்லை. இடுபொருள் மானியம் என்னும் சொல்லோ இன்னும் குறுகியது. அடுத்த சாகுபடிக்கு விதையும் உரமும் வாங்கக் கைகொடுப்பதே அதன் நோக்கம். உழவர் போன விளைச்சலைப் பார்த்துக் கேட்கிறார். அரசு வரும் விதைப்பைப் பார்த்துத் தருகிறது. தொகை போதவில்லை என்னும் மனக்குறையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

தொகையின் கணக்கு

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. அதன் அடிப்படையில் ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி செயல்படுகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இந்நிதியில் நான்கில் மூன்று பங்கை ஒன்றிய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் அளிக்கின்றன. எந்த இழப்புக்கு எவ்வளவு வழங்கலாம் என்பதை ஒன்றிய அரசு விதிமுறையாக வகுக்கிறது.

2015-ஆம் ஆண்டு வரை பயிரில் பாதி அழிந்தால்தான் நிவாரணம் கிடைத்தது. அவ்வாண்டு இந்த அளவு 33 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பாசன வசதியுள்ள நிலத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.13,500 என்றும், மானாவாரி நிலத்துக்கு ரூ.6,800 என்றும், பல்லாண்டுப் பயிர்களுக்கு ரூ.18,000 என்றும் தொகை வரையறுக்கப்பட்டது. 2022-க்குப் பிறகான விதிமுறைகளில் இவை முறையே ரூ.17,000, ரூ.8,500, ரூ.22,500 என உயர்ந்தன. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரையே இத்தொகை உண்டு. பயிருக்குக் காப்பீடு செய்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இதில் இல்லை. காப்பீடு செய்யாத உழவருக்கு இது ஒன்றே பிடிகொம்பு.

மாநில அரசு விரும்பினால் தன் நிதியிலிருந்து கூடுதலாகத் தரலாம். தமிழ்நாட்டில் அவ்வாறு நடந்திருக்கிறது. 2021 சனவரியில் பருவம் தவறிய மழையால் நெற்பயிர் அழிந்தபோது, ஹெக்டேருக்கு ரூ.20,000 வழங்கப்படும் என அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார். இரண்டு ஹெக்டேர் என்னும் வரம்பும் அப்போது தளர்த்தப்பட்டது. 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா, தாளடிப் பயிர்கள் மழையில் சாய்ந்தபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதே ரூ.20,000-ஐ அறிவித்தார். நெல் தரிசில் விதைத்த பயறு வகைகள் அழிந்ததற்கு ஹெக்டேருக்கு ரூ.3,000 அறிவிக்கப்பட்டது.

இத்தொகையின் பொருளை உணர ஓர் எளிய கணக்குப் போதும். ரூ.13,500-ஐ ஏக்கருக்கு மாற்றினால் ரூ.5,465 வரும். 2017-ஆம் ஆண்டு வறட்சி நிவாரண அறிவிப்பில் நெல்லுக்கு ஏக்கருக்கு ரூ.5,465 என்று இருந்ததன் காரணம் இதுவே. ஓர் ஏக்கரில் 60 கிலோ மூட்டைகள் முப்பது விளையும் எனக் கொள்வோம். அது 18 குவிண்டால். 2023–24-ஆம் ஆண்டில் பொதுரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,183. ஆகவே, முழுவிளைச்சலின் மதிப்பு ஏறத்தாழ ரூ.39,300. அவ்வயல் முற்றிலும் அழிந்தாலும் ரூ.5,465 என்பது அதில் ஏழில் ஒரு பங்கே. உழவுக்கும் நடவுக்கும் களைக்கும் உரத்துக்கும் உழவர் முன்னரே செலவிட்டதைக்கூட அத்தொகை எட்டாது. நிவாரணம் இழப்பீடாகாது என்பதை இந்தக் கணக்கு சொற்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

எனினும், இதனை அற்பத்தொகை என ஒதுக்கிவிடவும் முடியாது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10 அன்று அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அனைத்து மாவட்டங்களையும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவித்தார். அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ 32 லட்சம் உழவர்களுக்கு ரூ.2,247 கோடி நிவாரணம் ஒதுக்கப்பட்டது. அதே நேரத்தில் நிலவரியும் தள்ளுபடி செய்யப்பட்டது. அடகுக்கடையை நாடாமல் அடுத்த நடவுக்கு விதைநெல் வாங்கும் வாய்ப்பு, சிறு உழவருக்குச் சில ஆயிரங்களில்தான் அடங்கியிருக்கிறது.

> தெரிந்து தெளிவோம்
> 2021 நவம்பர் மழையில் நடவு செய்த சம்பா இளம்பயிர் அழிந்த உழவர்களுக்குப் பணத்திற்கு மாற்றாகப் பொருளாகவே உதவி அறிவிக்கப்பட்டது. ஹெக்டேருக்குக் குறுகியகால விதைநெல் 45 கிலோ, நுண்ணூட்ட உரம் 25 கிலோ, யூரியா 60 கிலோ, டி.ஏ.பி. 125 கிலோ. இவற்றின் மதிப்பு ரூ.6,038. மறுநடவுக்குக் காலம் எஞ்சியிருந்ததால் இம்முறை பின்பற்றப்பட்டது.

காப்பீடு எட்டாத இடங்கள்

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியது. உணவுப் பயிர்களுக்கு உழவர் செலுத்த வேண்டிய கட்டணம் காரீப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு. ராபி பருவத்தில் 1.5 விழுக்காடு. எஞ்சிய கட்டணத்தை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. கட்டணம் இவ்வளவு குறைவாயிருக்க, காப்பீடு செய்யாமல் விடுவது உழவரின் கவனக்குறைவே என்று எண்ணத் தோன்றும். அது முழு உண்மையன்று.

காப்பீடு, தனி ஒருவரின் வயலைப் பொதுவாக அளப்பதில்லை. வருவாய்க் கிராமத்தை அளக்கிறது. கிராமத்தில் தேர்ந்தெடுத்த சில வயல்களில் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள பகுதியை அறுத்து எடைபோடுவர். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு உறுதி செய்யப்பட்ட மகசூல் ஒன்றைக் கணக்கிடுவர். பரிசோதனையில் கிடைத்த மகசூல் அதைவிடக் குறைந்தால்தான் கிராமத்தில் காப்பீடு செய்தோருக்குத் தொகை கிடைக்கும். ஆற்றோரத் தாழ்நிலத்தில் ஒருவரின் இரண்டு ஏக்கர் முற்றிலும் அழிந்திருக்கலாம். மேட்டில் உள்ள பிறர் வயல்கள் நன்கு விளைந்திருந்தால் கிராமச் சராசரி நிறைந்துவிடும். கட்டணம் செலுத்தியும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. நிவாரணமோ ஒவ்வொருவரின் வயலையும் தனித்தனியே பார்க்கிறது. ஆக, தாழ்நில உழவருக்குக் காப்பீட்டைவிட நிவாரணமே நெருக்கமான உறவு.

மற்றொரு காரணம் அரசுகளுக்கு இடையிலானது. 2020-இல் காப்பீட்டுத் திட்டம் திருத்தப்பட்டபோது கடன் பெற்ற உழவருக்கும் அது விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. கட்டண மானியத்தில் ஒன்றிய அரசின் பங்குக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. பாசனப் பகுதிகளில் காப்பீட்டுக் கட்டண வீதத்தில் 25 விழுக்காடு வரைக்கு மட்டுமே ஒன்றிய அரசு மானியப் பங்கு அளிக்கும். மாநிலத்தின் சுமை கூடியது. பின்வந்த ஆண்டுகளில் குறுவை நெல் காப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறாமற்போயிற்று. மாற்றாக உர மானியம் உள்ளடங்கிய குறுவைத் தொகுப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது விதைப்பதற்கு உதவும், அழிவிலிருந்து காக்காது.

2023-ஆம் ஆண்டு இந்த இடைவெளியை வெளிச்சமாக்கியது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. நீரை நம்பி உழவர்கள் குறுவையை நட்டனர். தென்மேற்குப் பருவமழை பொய்க்க, கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய நீர் வரவில்லை. வழக்கு, காவிரி மேலாண்மை ஆணையத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்துகொண்டிருந்தபோதே கடைமடை வயல்கள் வெடித்தன. அக்டோபர் 10-இல் அணை மூடப்பட்டது. கருகிய குறுவைக்குக் காப்பீடு இல்லை. புயல், வெள்ளம், வறட்சி எனப் பேரிடர்ப் பட்டியல் நீள்கிறது. அண்டை மாநிலத்திலிருந்து ஆற்றுநீர் வராமற்போவது அப்பட்டியலில் இல்லை. இந்நிலையில் மாநில அரசு ஹெக்டேருக்கு ரூ.13,500 வழங்குவதாக அறிவித்தது. பாதிக்கப்பட்ட பரப்பு எவ்வளவு என்பதில் அரசின் கணக்கும் உழவர் அமைப்புகளின் கணக்கும் மாறுபட்டன. ஏக்கருக்கு ரூ.30,000-க்குக் குறையாமல் தரவேண்டும் என்னும் குரல்களும் எழுந்தன.

முப்பத்து மூன்று என்னும் கோடு

நிவாரணம் பெறுவதற்கான வாயில் கணக்கெடுப்பு. கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறை அலுவலரும் கூட்டாக வயல்களைப் பார்வையிட்டு, சர்வே எண் வாரியாகப் பட்டியல் எழுதுவர். அடங்கல், சிட்டா, வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றை உழவர் அளிக்க வேண்டும். வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் வழியாகப் பட்டியல் அரசைச் சென்றடையும். அரசாணை வந்தபின் பணம் நேரே வங்கிக் கணக்கில் சேரும்.

இவ்வளவும் ஒழுங்காகவே இருக்கிறது. சிக்கல், 33 என்னும் எண்ணில் உள்ளது. வயலில் மூன்றில் ஒரு பங்கு அழிந்ததா, நான்கில் ஒரு பங்கா என்பதைக் கருவி எதுவும் அளப்பதில்லை. வரப்பில் நிற்கும் அலுவலரின் கண்ணே அளக்கிறது. 30 விழுக்காடு என்று எழுதப்பட்டவருக்கு ஒரு காசும் இல்லை. 35 என்று எழுதப்பட்டவருக்கு முழுத்தொகை. இருவரின் வயல்களும் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம்.

காலமும் உழவருக்கு எதிராகவே நிற்கிறது. மூழ்கிய வயலில் நீர் வடிந்த பின்னரே கணக்கெடுக்க இயலும். நீர் வடிந்த மறுநாளே ஊடுநடவு செய்தால்தான் பருவம் தப்பாது. உடனே நட்டுவிட்டால் வரும் அலுவலர் பசும்பயிரைக் காண்பார், அழிவைக் காணமாட்டார். அலுவலருக்காகக் காத்திருந்தால் நாற்றின் வயது கூடிவிடும். நிவாரணத்தை நம்புவதா, நிலத்தை நம்புவதா என்று அந்தச் சில நாள்களில் உழவர் படும் தடுமாற்றம் எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை.

தை மாத மழையில் வேறொரு வகை இழப்பு நேர்கிறது. கதிர் அழியவில்லை, சாய்ந்திருக்கிறது. ஈரவயலில் சாய்ந்த நெல்லை அறுக்க இயந்திரத்துக்கு வழக்கத்தைவிட மிகுந்த நேரமாகும்; வாடகையோ மணிக்கணக்கில். அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். தளர்வு கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். சாலையோரம் கொட்டிக் காயவைக்கும் கூலியும் சேரும். விளைச்சல் குறைந்ததை மட்டும் அளக்கும் விதியின் பார்வையில் இச்செலவுகள் படுவதில்லை. 2023 பிப்ரவரியில் நிவாரணத்தோடு அறுவடை இயந்திர வாடகைக்கு 50 விழுக்காடு மானியமும் அறிவிக்கப்பட்டது, களநிலையை அறிந்து எடுத்த நல்ல முடிவாகும்.

பட்டியலில் இல்லாதவர்

தஞ்சைப் படுகையில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உரிய நிலங்கள் மிகுதி. நகரங்களில் குடியேறிவிட்டவர்களின் நிலங்களும் உள்ளன. இவற்றில் பாடுபடுவோர் குத்தகைதாரர்கள். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கென 1969-இல் சட்டமே இயற்றப்பட்டது. எனினும், வாய்மொழிக் குத்தகை இன்றும் வழக்கில் இருக்கிறது. எழுத்தில் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். எழுத்தில் கேட்டால் குத்தகையே கைவிட்டுப் போகும் என்று உழுபவர் அஞ்சுகிறார். அடங்கலில் சாகுபடி செய்பவரின் பெயர் சரியாக ஏறாவிட்டால், விதைத்தவர் ஒருவராகவும் நிவாரணம் பெறுபவர் வேறொருவராகவும் ஆகிவிடும். அழிந்தது உழுதவரின் கடனும் உழைப்புமே.

இவர்களுக்கும் கீழே மற்றொரு வரிசை உண்டு. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் செல்லும் நிலமற்ற தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பான்மையர் பெண்கள். பயிர் அழிந்தால் அவர்களின் கூலியும் அழிகிறது. ஆனால், நிவாரணம் ஹெக்டேரால் அளக்கப்படுகிறது. ஹெக்டேர் இல்லாதவரை அந்த அளவுகோல் தொடுவதில்லை. 2017 வறட்சியின்போது ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள்கள் 100-லிருந்து 150-ஆக உயர்த்தப்பட்டன. இழந்த கூலிக்கு ஓரளவேனும் மாற்றாக அமைந்தது அது ஒன்றே.

மரத்தை எண்ணியவர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் வீழ்ந்தன. தென்னைக்குக் காப்பீடு செய்திருந்தோர் மிகக் குறைவு. நெல்லுக்குரிய ஹெக்டேர்க் கணக்கு இங்குப் பொருந்தவில்லை. நெல் ஒரு பருவத்து இழப்பு. தென்னையோ நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற வருவாய். ஆகவே, மரக்கணக்கில் உதவி அறிவிக்கப்பட்டது. வீழ்ந்த மரத்துக்கு ரூ.600, வெட்டி அகற்ற ரூ.500. ஹெக்டேருக்கு 175 மரங்கள் எனக் கொண்டு ரூ.1,92,500. இழப்பின் இயல்புக்கேற்ப அளவுகோலை மாற்றிக்கொள்ள அரசால் இயலும் என்பதற்கு இது சான்று.

அமெரிக்க நாட்டில் காப்பீடு செய்யாத பயிர்களுக்கெனத் தனி உதவித் திட்டமே உண்டு. அதனையன்றி, பெரும் பேரிடர் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட சிறப்பு உதவிகளில், காப்பீடு செய்தவரைவிடச் செய்யாதவருக்குக் குறைந்த வீதம் வைக்கப்பட்டது. உதவி பெற்றவர் அடுத்த இரண்டு பயிர் ஆண்டுகளுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. கட்டணம் செலுத்தியவரும் செலுத்தாதவரும் ஒரே அளவு பெற்றால் எவர்தாம் கட்டணம் செலுத்துவர் என்பது அவர்கள் வாதம். வாதம் வலிமையானதே. ஆனால், 2023-இல் குறுவை நட்ட கடைமடை உழவரிடம் அதைச் சொல்ல இயலாது. அவருக்குக் காப்பீடு விற்கப்படவே இல்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலோ உறவினர் ஊரிலோ உள்ள உழவர் ஒருவரைச் சந்தித்து, நிவாரணம் பெற அவர் அளித்த ஆவணங்களையும் விண்ணப்பித்த நாள் முதல் பணம் கிடைத்த நாள் வரையிலான நிகழ்வுகளையும் கேட்டு எழுதுக.

‘நிவாரணத்தை வயல் வாரியாகவும் காப்பீட்டைக் கிராம வாரியாகவும் அளப்பது சரியே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

வஜா, தக்காவி, அடங்கல், சிட்டா, பசலி ஆகிய வருவாய்த் துறைச் சொற்களின் பொருளையும் அவை எம்மொழியிலிருந்து வந்தவை என்பதையும் அகரமுதலியின் துணைகொண்டு அறிந்து எழுதுக.